விறகு காயும் சூடு

“எனக்க மனசு எப்பதான் ஒரு நிலையில நிக்கும், மாஸ்டர்?”

தாணுலிங்கம் இதைக் கேட்டபோது விடிந்தும் விடியாத நேரம். முதல் ரொட்டி அடுப்பில் இருந்தது.

தபித்தாள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“வாசம் வந்தாச்சு. ரொட்டிய எடுங்க சார்,” என்றாள்.

அவர் நீண்ட மரத்துடுப்பை உள்ளே விட்டு ரொட்டிகளை இழுத்து எடுத்தார். கேள்வி அடுப்பின் வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த மலையடிவார ஊரில் ரொட்டி சுடும் தலைமை ஆளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. தபித்தாளுக்கு நாற்பத்திரண்டு வயது. தாணுலிங்கத்துக்கு அறுபத்தொன்று. அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் யாரிடம் பாடம் கேட்கிறார் என்பது புதிதாக வருகிறவர்களுக்கு விளங்காது.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நிற்காத தராசைத் தூக்கிக்கொண்டு போனார். ஓய்வு பெறும் மாதத்தில் தபித்தாளின் கடைக்கும் வந்தார். கல்யாண வீட்டுக்குச் செய்த கேக் ஒன்று வாசலில் விழுந்து நசுங்கிக் கிடந்தது. இரண்டு நாள் வேலை. அவளோ உள்ளே உட்கார்ந்து அடுத்த கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

இப்படி ஒரு முள்ளை அவர் எந்தத் தராசிலும் கண்டதில்லை.

ஓய்வு பெற்ற வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மகன் சுயம்புவிடம் கோபத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டார். மகன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். பிறகு வரவில்லை. மனம் ஆடாமல் நின்ற பிறகுதான் அவனைக் கூப்பிடுவது என்று தாணுலிங்கம் இருந்தார். ஆடுகிற மனதோடு கூப்பிட்டால் இன்னொரு சொல் வந்துவிடுமோ என்று பயம்.

அடுத்த மாதமே ஒரு வாடகை அறை பிடித்து, தபித்தாளின் அடுப்படிக்கு வந்து நின்றார். மகனைப் பற்றிச் சொல்லி, மனதை நிறுத்தக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் மாவு சலிக்கச் சொன்னாள்.

மூன்று வருடம் ஆயிற்று.

அன்றைக்கு அவர் ஒரு பையோடு வந்திருந்தார். இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, கண்ணாடிக் கூடு, போன். பையைச் சுவரோரம் கிடந்த விறகுக் குவியலின் மேல் வைத்தார்.

தபித்தாள் பையைப் பார்த்தாள்.

திருவனந்தபுரத்தில் ஒருவர் இருக்கிறார் என்றார் அவர். நாற்பது நாள் பேசவிடாமல் உட்காரவைப்பாராம். இன்று ஒரு நாள் பார்க்கப்போவதாகவும், இன்றும் மனம் ஆடினால் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிடுவதாகவும் சொன்னார்.

“சரி,” என்றாள் தபித்தாள். “போறதுக்கு முன்ன முட்டை வாங்கிட்டு வரணும்.”

*

அடுப்பை அந்தப் பக்கத்தில் போர்மா என்பார்கள். செங்கல்லால் கட்டிய குகை. அதற்குள்ளேயே விறகை எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை வழித்தெடுத்து, தளத்தை ஈரச்சாக்கால் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தீ ஒரு தடவைதான். அப்புறம் அடுப்பு சாயங்காலம் வரைக்கும் ஆறிக்கொண்டே இருக்கும்.

முதல் சூட்டில் ரொட்டி. கொஞ்சம் இறங்கினால் பன். இன்னும் இறங்கினால் கேக். மத்தியானத்துக்கு மேல் ரஸ்க்.

அளக்கக் கருவி கிடையாது. கைதான். தபித்தாள் கையை உள்ளே நீட்டி மனதுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லுவாள். ஆரம்பத்திலேயே சுட்டால் ரொட்டி. பாதியில் சுட்டால் கேக். ஆமென் வரை கை தாங்கினால் ரஸ்க்.

தாணுலிங்கத்துக்கு அந்த ஜெபம் தெரியாது. தூக்கத்தில் கேட்டாலும் மறக்காத எதையாவது சொல்லும்படி அவள் சொன்னாள். அவருக்கு மறக்காதது பதினாறாம் வாய்ப்பாடு. நாற்பத்தெட்டில் கை சுட்டால் ரொட்டி, நூற்றிருபத்தெட்டில் கேக், நூற்றறுபதைத் தாண்டினால் ரஸ்க் என்று அவர் வகுத்துக்கொண்டார்.

மழை ஊர். விறகு எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதனால் கடை சாத்துமுன் தபித்தாள் மறுநாள் விறகை ஆறிய அடுப்புக்குள் அடுக்கிவைப்பாள். தாணுலிங்கம் அதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு அவர் அறைக்குப் போயிருப்பார்.

*

முட்டை வாங்கப் போனார்.

திரும்பும் வழியில் பாலத்து இறக்கத்தில் ஓர் ஆடு சைக்கிளுக்குக் குறுக்கே வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டையில் ஆறு உடைந்தது. கடைக்காரன் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்து, வந்த வழியே திரும்பிப் போய் அவனைப் பிடித்தார்.

அவன் கட்டை அவிழ்த்துப் பார்த்து, வேறு ஆறு எடுத்து வைத்தான்.

“உடையாத முட்டை வேணும்னா கோழிக்குள்ளதான் சார் இருக்கும்,” என்றான்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாணுலிங்கத்துக்குக் காது சூடாயிற்று.

ஒன்று, என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டார்.

கேக்குக்கு அடியில் விரிக்கும் தாள் வாங்கப் போனால் கடை பூட்டியிருந்தது. சலித்துப்போய்ப் படியில் உட்கார்ந்தார். அது இரண்டு. பின்வாசல் வழியாகக் கடைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உள்ளே கூப்பிட்டு, தாளையும் கொடுத்து, வரிக்கைப் பலா நான்கு சுளையும் கொடுத்தாள். சுளை தேனாக இருந்தது. மனம் துள்ளியது.

மூன்று. துள்ளினாலும் முள் ஆடியதுதான்.

பதினோரு மணிக்குக் கேக் வெந்து வந்தது. தலையில் ஒரு கீறல் இல்லாமல் குடை மாதிரி எழும்பியிருந்தது. அன்றைக்கு மாவு அடித்தது அவர். பெருமையாக இருந்தது. உடனே பெருமையாக இருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

ஐந்து.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனதுக்குள் பஸ் ஏறிவிட்டார்.

*

அந்த நேரத்தில் கனகபாய் வந்தாள்.

அவள் கணவன் ஞானாபரணம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். தொண்டையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை, இட்லியும் இறங்கவில்லை. தபித்தாளின் ரஸ்கைப் பால் விடாத கட்டன் சாயாவில் முக்கிக் கொடுத்தால் மட்டும் பஞ்சு போல இறங்கியது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் தங்க வேண்டுமாம். ஆறு மணி பஸ். இரண்டு கிலோ ரஸ்க் வேண்டும் என்றாள்.

தபித்தாள் ஐந்தரைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நேற்றைய இனிப்பு ரொட்டியை நறுக்கித் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தாள்.

“கை தாங்குமானா ரஸ்க உள்ள வெச்சிருங்க,” என்றாள். “வெச்ச பொறவு அதுக்க பாடு, அடுப்புக்க பாடு.”

தாணுலிங்கம் கையை நீட்டிப் பார்த்தார். நூற்றெழுபத்தாறு வரை தாங்கியது. தட்டுகளை வைத்து மூடினார்.

ஒரு முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்.

அரைமணி கழித்து மூடியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். இன்னும் இறங்கியிருந்தது. இப்படியே போனால் ரஸ்க் எப்படி ஆகும் என்று கவலை வந்தது. அந்தக் கவலைக்குள் வேறொரு எண்ணமும் இருந்தது. தன் மனதைத்தான் நிறுத்த முடியவில்லை. இந்த அடுப்பையாவது ஒரு நிலையில் நிறுத்துவோம்.

தட்டுகளை வெளியே எடுத்தார். காலையில் எரித்தது போகக் காய்ந்த விறகு நாலைந்து மிச்சம் கிடந்தது. உள்ளே ஓரமாகப் போட்டுக் கொளுத்தினார். எரிந்ததும் தணலை வழித்தார். செங்கல் மறுபடி கனகனவென்று ஆயிற்று. தட்டுகளை உள்ளே தள்ளி மூடினார்.

கையை நீட்டிப் பார்க்கவில்லை. நிறுத்திவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அது மறந்துபோயிற்று.

*

தபித்தாள் தெருமுனையில் வரும்போதே அவளுக்கு வாசம் வந்துவிட்டது.

மூடியைத் திறந்தாள். ரஸ்க் எல்லாம் கரியாக இருந்தது.

“எதுக்குத் தீ போட்டீங்க?”

“சூடு எறங்கிப் போச்சு மாஸ்டர். பிடிச்சு நிறுத்தினேன்.”

“நல்லா நிறுத்தியிருக்கீங்க.”

அவள் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு தட்டை வெறுங்கையால் இழுத்தாள். சுட்டது. அப்படியே வீசினாள். தட்டு வாசலைத் தாண்டிப் போய்த் தெருவில் விழுந்து சுழன்று அடங்கியது. தெருநாய் ஒன்று எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்தது.

அப்புறம் மாவு மூட்டையில் உட்கார்ந்து அழுதாள். ஞானாபரணம் பதினைந்து நாள் என்ன தின்பான் என்று அழுகைக்கு இடையில் கேட்டாள். அவரிடம் கேட்டாளா சுவரிடம் கேட்டாளா என்று தெரியவில்லை.

தாணுலிங்கம் அசையாமல் நின்றார். மூன்று வருடமாக அவர் பார்த்துவந்த முள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

தபித்தாள் மூக்கைத் துடைத்தாள். எழுந்தாள். குழாயில் கையை நனைத்துக்கொண்டு வந்து அடுப்புக்குள் நீட்டினாள். உதடு அசைந்தது. பாதிக்கு முன்பே கையை இழுத்துக்கொண்டாள்.

“பன் வேகும்,” என்றாள்.

நாளைக்கென்று பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்து உருட்டத் தொடங்கினாள். தலை நிமிராமலே, ஒரு கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“இந்த வாரம் நம்ம ரஸ்க் எங்கெல்லாம் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். போய்க் கேளுங்க.”

*

விற்ற பண்டத்தைத் திருப்பிக் கேட்டுப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி வீட்டில் டப்பாவோடு கொடுத்தாள். இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை கையில் பாதி ரஸ்கோடு நின்றது. தாய் உள்ளே போய் மீதியை எடுத்துவந்து கூடையில் போட்டாள். குழந்தை தன் பாதியையும் நீட்டியது. வேண்டாம் என்றார். அது விடவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு வாசலிலும், நான்தான் கருக்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாசலில் நாக்கு எழவில்லை. மூன்றாவது வாசலில் எழுந்தது.

கடைசியாகப் பஸ் நிலையத்துச் சாயாக்கடை. பீர்முகமதின் கடை. உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வெளியே நின்றார்.

பீர்முகமது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க சார். இப்ப எனக்கத் தராசு சரியாத்தான் இருக்கு,” என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கதை தெரியும். பல வருடத்துக்கு முன் தாணுலிங்கம் அந்தக் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனவர். பதினெட்டு நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். பீர்முகமது அந்தப் பதினெட்டு நாளையும் ஒருநாள் விடாமல் இப்போது சொல்லிக்காட்டினார். தாணுலிங்கம் தலை குனிந்து கேட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

பீர்முகமது கையைத் துடைத்தார். கண்ணாடி ஜாடியை எடுத்தார். கூடையில் இருந்ததை எல்லாம் தராசுத் தட்டில் கொட்டி, எதிர்த்தட்டில் இரண்டு கிலோப் படிக்கல்லை வைத்தார். ரஸ்க் குறைந்தது. ஜாடியிலிருந்து போட்டார். முள் நடுவுக்கு வந்தது. இன்னும் போட்டார். ஜாடி காலியாகும்வரை போட்டார்.

முள் ஓர் ஓரத்துக்குப் போய்ச் சாய்ந்து நின்றது.

“தராசு சரியில்லைன்னு எழுதிக்கிடுங்க சார்,” என்றார்.

தாணுலிங்கம் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. எத்தனையாவது என்று எண்ணவில்லை.

*

பஸ் புறப்படத் தயாராக நின்றது. கனகபாய் ஜன்னலோரம் கணவனைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். கடைக்குப் போய், சார் வாங்கிவர ஓடியிருக்கிறார் என்று கேட்டு, நம்பிக்கையில்லாமல் வந்து ஏறியிருந்தாள்.

பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்தாள். இருமுறை தடவிப் பார்த்தாள்.

ஞானாபரணத்துக்குப் பேச்சு வராது. அவன் கையை வெளியே நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். பால் வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்த கை. கொஞ்ச நேரம் விடவில்லை.

“சாரும் இதிலதான் வாறதா மாஸ்டர் சொன்னாங்க,” என்றாள் கனகபாய். “பை எங்க?”

“அடுப்பில பன் கிடக்கு,” என்றார் தாணுலிங்கம்.

பஸ் போயிற்று.

*

அவர் திரும்பியபோது பன் வெந்து ஆறியிருந்தது. கருகிய ரஸ்கைத் தபித்தாள் பெருக்கி ஒரு மூலையில் குவித்திருந்தாள். விரல் நுனியில் வெண்ணெய் தடவியிருந்தாள். தெருவில் விழுந்த தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்க கோபப்பட்டீங்க,” என்றார்.

“ஆமா.”

“அழுதீங்க.”

“ஆமா.”

“அப்ப அன்னைக்கு? கேக் விழுந்த அன்னைக்கு? முகத்தில ஒண்ணுமே இல்லாம முட்டை அடிச்சிட்டு இருந்தீங்களே?”

தபித்தாள் யோசித்தாள். அவளுக்கு நினைவு வந்தது.

“அன்னைக்கு நீங்க அரைமணி நேரம் பிந்தி வந்தீங்க சார்,” என்றாள்.

தாணுலிங்கம் கவிழ்த்திருந்த தட்டைப் பார்த்தார்.

வெளியே தூறல் தொடங்கியது. தபித்தாள் பன்னைத் தாளில் சுற்றி முடித்தாள். ஒன்றைப் பிய்த்து அவருக்குப் பாதி கொடுத்தாள். அவர் தின்றார். அவசரத்தில் பிசைந்த மாவு இல்லை என்றாலும் அவசரத்தில் சுட்டது. கொஞ்சம் முறுகல். நன்றாகத்தான் இருந்தது.

“அடுப்பு எப்படி இருக்குன்னு பாருங்க,” என்றாள்.

அவர் எழுந்து கையை உள்ளே நீட்டினார். வாய்ப்பாட்டில் மூன்றைத் தாண்டினார். எட்டைத் தாண்டினார். பத்தையும் பதினொன்றையும் தாண்டினார். அதற்கு மேல் அந்த அடுப்பில் அவர் வாய்ப்பாடு போனதேயில்லை. பதினாறு பதினாறு இருநூற்றைம்பத்தாறு என்று முடிந்தது. கை சுடவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

“வாய்ப்பாடே முடிஞ்சு போச்சு,” என்றார். “இனி இதில ஒண்ணும் வேகாது.”

“வேகாது. அந்த விறக எடுத்து உள்ள அடுக்குங்க. நாளைக்கு எரியணும்லா.”

அவர் விறகுக் குவியலிடம் போனார். அதன் மேல் அவருடைய பை இருந்தது.

பையைத் தூக்கினார். சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் மாட்டினார். மாட்டியவர் அங்கேயே நின்றார். பிறகு பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, சுயம்புவின் பெயரைத் தேடினார். எடுத்துவிட்டு விறகைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

தபித்தாள் வந்து விறகை அள்ளிக்கொண்டாள்.

“இத நான் அடுக்கிக்கிடுவேன்,” என்றாள். “இந்தச் சூடு போறதுக்குள்ள பேசிருங்க.”